சிங்கத்துக்கும் எருதுக்கும் நடுவே ஒரு பெயின்டர்
வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில் 'சமாதான ராஜ்யம்' என்ற பழைய அமெரிக்க ஓவியத்தை நடுப்பக்கத்தில் அச்சிட்டிருந்தோம். சிங்கமும் எருதும் அடுத்தடுத்து நிற்க, சிறுத்தை ஆட்டுக்குட்டியின் பக்கத்தில் படுத்திருக்க, நடுவே ஒரு குழந்தை. இடப்பக்கம் தூரத்தில் சிலர் செவ்விந்தியர்களோடு உடன்படிக்கை செய்துகொள்கிறார்கள். வரைந்தவர் எட்வர்ட் ஹிக்ஸ், பென்சில்வேனியா, 1780-1849. அவர் வண்டிக்குப் பெயின்ட் அடித்துப் பிழைத்தவர், சம்பளம் வாங்காமல் பிரசங்கம் செய்தவர் என்று ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையக் கேள்விகள் வந்துவிட்டன.

அவரை ஓவியர் என்று சொல்வதா, போதகர் என்று சொல்வதா?
(வாசகி, திருநெல்வேலி)

தொழிலால் அவர் பெயின்டர். வண்டி, வீடு, சாவடிப் பலகை (வழிப்போக்கர் விடுதியின் பெயர்ப்பலகை) என்று எது வந்தாலும் அடித்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்து பேசினார். 'ஓவியர்' என்ற பெயர் அவருக்குச் சேர்ந்தது 20ஆம் நூற்றாண்டில்தான்.

பிறந்தது பக்ஸ் மாவட்டத்து ஆட்டில்பரோவில். இன்று அந்த ஊருக்கு லாங்ஹார்ன் என்று பெயர். தாத்தா கில்பர்ட் ஹிக்ஸ் ஆங்கிலேய அரசுக்கு விசுவாசமான அதிகாரி. அமெரிக்கச் சுதந்திரப் போரில் அந்தப் பக்கம் தோற்றதும் குடும்பத்தின் சொத்து போயிற்று. எட்வர்டுக்கு ஒன்றரை வயதானபோது தாயும் இறந்துவிட்டார். நியூடவுன் அருகே பண்ணை வைத்திருந்த டேவிட், எலிசபெத் ட்வைனிங் என்ற குவேக்கர் (பாதிரியார் இல்லாமல் மௌனமாக ஆராதிக்கும் ஒரு கிறிஸ்தவப் பிரிவு) தம்பதி அவரை எடுத்து வளர்த்தார்கள். வயதான காலத்தில் அவர் அந்தப் பண்ணையைத் திரும்பத் திரும்ப வரைந்தார். வளர்ப்புத் தாய் வேதாகமம் வாசிக்க, அவர் முழங்காலருகே ஒரு சிறுவன் நின்று கேட்கிறான். அந்தச் சிறுவன் எட்வர்ட்தான்.

13 வயதில், 1793-இல், டாம்லின்சன் சகோதரர்களின் கோச்சு வண்டிப் பட்டறையில் தொழில் கற்கச் சேர்ந்தார். ஏழு வருடம் கழித்து 1800-இல் வெளியே வந்தார். 1803-இல் குவேக்கர் சங்கத்தில் சேர்ந்தார், அதே வருடம் சாரா வொர்ஸ்டலை மணந்தார். ஐந்து பிள்ளைகள். 1811-இல் நியூடவுனுக்குக் குடிபெயர்ந்து, கடைசிவரை அங்கேயே பட்டறை வைத்திருந்தார்.

படிப்பும் குருப்பட்டமும் இல்லாமல் ஒருவர் எப்படிப் போதகர் ஆவார்? யார் நியமிப்பது?
(வாசகர், நாகர்கோவில்)

ஹிக்ஸ் காலத்துக் குவேக்கர்களிடம் நியமனம் என்ற ஒன்றே கிடையாது. இது புரியாவிட்டால் ஹிக்ஸின் வாழ்க்கையும் புரியாது.

அவர்களுடைய ஆராதனை அறையில் பலிபீடமோ பிரசங்க பீடமோ பாட்டோ இல்லை. எல்லாரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது உள்ளிருந்து உந்துதல் வந்தால் எழுந்து பேசலாம். ஆணும் பேசலாம், பெண்ணும் பேசலாம். யாருக்கும் வராவிட்டால் மௌனத்திலேயே கூட்டம் முடியும். எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பது கூடாது. பல வருடம் ஒருவர் பேசுவதைக் கேட்டு, அந்தப் பேச்சில் பொருளிருக்கிறது என்று சபைக்குத் தோன்றினால், சபைக் காரியங்களைப் பேசி முடிவெடுக்கும் மாதக் கூட்டத்தில் அவர் பெயரைக் குறித்துக்கொள்வார்கள். சபை அந்த வரத்தை 'அங்கீகரிக்கிறது', அவ்வளவுதான். கொடுப்பது கடவுள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஹிக்ஸின் பெயர் 1812 வாக்கில் அப்படிக் குறிக்கப்பட்டது. அதன்பிறகு சபையை நோக்கிப் போட்ட எதிர் பெஞ்சில், மூப்பர்களோடு, அவருக்கும் ஓர் இடம்.

வெளியூருக்குப் போய்ப் பிரசங்கிக்க வேண்டுமென்றால் நினைத்தபடி கிளம்ப முடியாது. முதலில் தன் மாதக் கூட்டத்தில் எழுந்து, இன்ன பகுதிக்குப் போகும்படி மனதில் பாரம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கூட்டம் மௌனத்தில் யோசிக்கும். சம்மதம் என்றால் எழுத்தர் ஒரு பயணச் சான்று எழுதிக் கையெழுத்திட்டுத் தருவார். வெகுதூரப் பயணமென்றால் பல சபைகள் சேர்ந்த காலாண்டுக் கூட்டமும் ஒப்புக்கொள்ள வேண்டும். போகும் சபைகளில் அந்தச் சான்றை வாசிப்பார்கள். ஊர் திரும்பியதும் அதைத் தன் கூட்டத்திடமே ஒப்படைத்துவிட வேண்டும். சான்றில்லாமல் போய்ப் பேசினாலோ, பேச்சு எல்லை மீறினாலோ மூப்பர்கள் தனியே அழைத்துக் கண்டிப்பார்கள்.

சம்பளம் ஒரு சல்லிக்காசு கிடையாது. இலவசமாகப் பெற்றதை இலவசமாகக் கொடு என்பது கொள்கை. ஆகவே பிரசங்கி கட்டாயம் ஒரு தொழில் செய்தாக வேண்டும். ஹிக்ஸ் 1819-20-இல் நியூயார்க் மாநிலத்தின் வடபகுதிக்கும் மேல் கனடாவுக்கும் (இன்றைய ஒன்டாரியோ) நெடும்பயணம் போனார். அத்தனை நாளும் பட்டறையில் அவர் கை வேலை நின்றுபோகும். வீட்டிலோ பிள்ளைகள். அவருக்குக் கடைசிவரை கடன் தொல்லை ஏன் விடவில்லை என்பதற்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

வண்டிக்குப் பெயின்ட் அடிப்பது அத்தனை பெரிய வித்தையா? ஏழு வருடம் கற்க என்ன இருக்கிறது?
(வாகனப் பட்டறை வைத்திருப்பவர், நாமக்கல்)

நீங்கள் கேட்டதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். அந்தக் காலக் கோச்சு வண்டிப் பட்டறைகளின் பொது வழக்கம் இது.

முதலில் வண்ணத்தை அரைக்க வேண்டும். டப்பாவில் அடைத்த பெயின்ட் கிடையாது. ஈய வெள்ளை, மஞ்சள் காவி, சாதிலிங்கம், பிரஷ்யன் நீலம், விளக்குக் கரி எல்லாம் பொடியாக வரும். வழவழப்பான கல்லின்மேல் கொட்டி, ஆளிவிதை எண்ணெய் விட்டு, கண்ணாடிக் குழவி அல்லது கல் குழவியால் வட்டமாக அரைக்க வேண்டும். விரலிடையில் தேய்த்தால் நறநறப்பு இருக்கக் கூடாது. புதிதாக வந்த பையனுக்கு முதல் வேலை இதுதான். ஈயத் தூசி மூக்கிலும் வாயிலும் போய், பெயின்டர்களுக்கென்றே ஒரு வயிற்றுவலி அன்று பேர் பெற்றிருந்தது. மிஞ்சிய வண்ணத்தைப் பன்றியின் மூத்திரப்பையில் கட்டி வைப்பார்கள். உலோகக் குழாய்க்கு 1841-இல்தான் காப்புரிமை வாங்கப்பட்டது.

அடுத்தது மரம். கணுக்களில் பிசின் கசியும், அதை முதலில் அரக்கால் அடைக்காவிட்டால் ஆறு மாதத்தில் மேல்பூச்சில் பழுப்பு வட்டம் தெரியும். பிறகு ஈய வெள்ளையும் எண்ணெயும் கலந்த அடிப்பூச்சு, இரண்டிலிருந்து நான்கு கை (தடவை). ஒவ்வொரு கையும் பல நாள் காய வேண்டும். ஆணிக்குழி, வெடிப்பு எல்லாவற்றுக்கும் பட்டி. அதன்மேல் காவியும் ஈயமும் வார்னிஷும் சேர்ந்த சொரசொரப்பான பூச்சு மூன்று, நான்கு கை. அது இறுகியதும் நுரைக்கல்லைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு, பலகை கண்ணாடி மாதிரி மட்டமாகும்வரை தேய்ப்பார்கள். நாள்கணக்கில் நடக்கும் வேலை இது. நாம் இன்று வாட்டர் பேப்பர் போட்டுச் செய்வதும் இதையேதான்.

இதன்பிறகுதான் நிறம், இரண்டு கை. எண்ணெயைக் குறைத்து டர்பன்டைன் அதிகம் விட்டு, பளபளப்பு வராமல் அடிக்க வேண்டும். அது காய்ந்ததும் நீண்ட மயிர்ப் பிரஷால் ஓரக்கோடு இழுப்பது. சக்கரத்தின் ஆரங்களில் ஒரே மூச்சில், கை நடுங்காமல் இழுத்தாக வேண்டும். நடுவில் எடுத்து மறுபடி வைத்தால் ஒட்டுத் தெரிந்துவிடும். கதவுப் பலகையில் ஏதேனும் சின்னமோ சிறு காட்சியோ. கடைசியில் கோபால் என்ற மரப்பிசினால் செய்த வார்னிஷ் இரண்டு, மூன்று கை. வார்னிஷ் அறையில் தூசி பறக்காமலிருக்கத் தரையை நனைத்து வைப்பார்கள்.

எங்கே கெடும்? பெரும்பாலும் அவசரத்தில். அடியில் எண்ணெய் அதிகமாகவும் மேலே குறைவாகவும் இருந்தால், மேல்தோல் முதலில் இறுகிவிடும், அடி பிறகும் அசையும், பரப்பெங்கும் முதலைத்தோல் மாதிரி வெடிக்கும். ஈரக்காற்றில் வார்னிஷ் அடித்தால் பால் படர்ந்தாற்போல் மங்கும். ஒரு வண்டி முடிய வாரக்கணக்காகும்.

ஹிக்ஸின் படங்களைப் பார்க்கும்போது இதை மனதில் வையுங்கள். அவர் சிங்கத்தின் மீசை மயிரைப் பாருங்கள்: ஒவ்வொன்றும் ஒரே இழுப்பு, வேரில் தடித்து நுனியில் கூர்ந்து. எந்தக் கலைப்பள்ளியிலும் அவர் படித்ததில்லை. அந்தக் கை சக்கர ஆரத்தில் பழகிய கை.

சாவடிப் பெயர்ப்பலகைகள் எப்படி இருக்கும்? தங்க எழுத்து எப்படி ஒட்டுவார்கள்?
(தஞ்சாவூர் ஓவியம் கற்பவர்)

தங்க ரேக் உங்களுக்குப் பழக்கம் என்பதால் வேறுபாட்டை மட்டும் சொல்கிறோம். வெயிலிலும் மழையிலும் தொங்கும் பலகைக்குக் கோந்து உதவாது. ஆளிவிதை எண்ணெயைக் கெட்டியாக்கி, கொஞ்சம் காவி சேர்த்த எண்ணெய்ப் பசையால் எழுத்தை எழுதுவார்கள். விரல்முட்டியால் மெல்லத் தொட்டால் பிடித்து இழுக்க வேண்டும், ஆனால் விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் அணில்மயிர்த் தட்டைப் பிரஷால் ரேக்கை எடுத்து வைக்க வேண்டும். முந்தினால் தங்கம் பசையில் மூழ்கி மங்கும், பிந்தினால் ஒட்டாமல் உதிரும். எழுத்தைச் சுற்றியுள்ள இடத்தில் ரேக் ஒட்டாமலிருக்க முன்கூட்டியே சுண்ணப்பொடி தட்டி வைப்பார்கள். பின்புலத்துக்கு இன்னொரு வேலை உண்டு: ஈரமான பெயின்டின்மேல் பொடித்த நீலக் கண்ணாடியைத் தூவுவது. காய்ந்தால் வெயிலில் மின்னும், நிறமும் எளிதில் வெளுக்காது.

பலகை தெருவுக்குக் குறுக்கே தொங்குவதால் இரண்டு பக்கமும் படம் வேண்டும். குதிரையில் போகிறவன் தூரத்திலேயே அடையாளம் காண வேண்டும், ஆகவே வெளிக்கோடு தெளிவாகவும் நிறம் தட்டையாகவும் இருக்கும். ஹிக்ஸின் பலகைகளில் பெயர் பெற்றது, சுதந்திரப் போரில் தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் டெலவேர் ஆற்றைக் கடக்கும் காட்சி. அந்த இடத்தில் 1834-இல் கட்டப்பட்ட மூடுபாலத்தின் இரு முனைகளுக்கும் ஒவ்வொன்று. 1841 வெள்ளத்தில் பாலம் போய்விட்டது.

குவேக்கர்கள் ஆடம்பரத்துக்கு எதிரானவர்கள். பிரசங்கி ஒருவர் அலங்கார ஓவியம் வரைவதைச் சபை ஒப்புக்கொண்டதா?
(வாசகர், கோயம்புத்தூர்)

ஒப்புக்கொள்ளாதவர்கள் இருந்தார்கள். எளிய உடை, எளிய பேச்சு, எளிய வீடு என்று வாழ்பவர்கள் நடுவே, குடிசாவடிக்குப் படம் போடுகிறவர் எதிர் பெஞ்சில் உட்காருவது உறுத்தியது. அதைவிட அவர் மனசாட்சியே உறுத்தியது. 1815 வாக்கில் அலங்கார வேலையை விட்டுவிட்டு விவசாயத்தில் இறங்கினார். அதில் பழக்கமில்லாததால் கடன்தான் பெருகியது. நண்பர்கள் கைகொடுத்து, பிரஷை மறுபடி எடுக்கச் சொன்னார்கள். ஆப்ரகாம் சாப்மன் என்ற வழக்கறிஞர் நண்பர் ஒருவர், யாரையும் அண்டிப் பிழைக்காமல் வாழும் வழி உன் கைத்திறமையிலேயே இருக்கிறது, குற்றமில்லாமலும் பயனுள்ளதாகவும் அதைச் செய் என்று சொன்ன அறிவுரையை முன்பே கேட்டிருக்கலாம் என்று ஹிக்ஸ் தம் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். அதே குறிப்பில் ஓவியக்கலையை மனிதகுலத்துக்குப் பெரிய நன்மை எதுவும் செய்யாத அற்பக் கலை என்றும் எழுதுகிறார். இரண்டையும் அவர் மெய்யாகவே நம்பினார் என்பதுதான் எங்கள் கருத்து. வேதாகம வசனத்தையே திரும்பத் திரும்ப வரைந்ததற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது: அது அவர் பேசாத வேளையில் செய்த பிரசங்கம்.

நம் வேதாகமத்தில் 'புலி வெள்ளாட்டுக்குட்டியோடே படுத்துக்கொள்ளும்' என்றிருக்கிறது. அவர் ஏன் புள்ளி போட்ட சிறுத்தையை வரைந்தார்? ஒரே படத்தை ஏன் அத்தனை முறை?
(ஞாயிறு பள்ளி ஆசிரியை, பாளையங்கோட்டை)

நல்ல கவனிப்பு. ஏசாயா 11:6-இல் நம் பழைய மொழிபெயர்ப்பு 'புலி' என்கிறது. ஹிக்ஸ் வாசித்த ஆங்கில வேதாகமத்தில் அது சிறுத்தை. அவருக்கு அந்த மிருகத்தின்மேல் தனிப் பிரியம் இருந்திருக்க வேண்டும். பல படங்களில் கண்ணை முதலில் இழுப்பது அதுதான்.

ஆனால் அது வெறும் மிருகமில்லை. 1837-இல் வர்ஜீனியாவின் கூஸ் கிரீக் கூட்டத்தில் அவர் செய்த பிரசங்கம் இந்தப் படங்களுக்குத் திறவுகோல். மனிதரிடம் நான்கு சுபாவங்கள் உண்டு என்ற பழைய ஐரோப்பிய மருத்துவக் கருத்தை எடுத்துக்கொண்டார். ஓநாய் வாட்டமான, தனக்குள் சுருங்கும் மனம். சிறுத்தை இன்பத்தைத் தேடி அலையும் மனம். கரடி மந்தமும் பணத்தாசையும். சிங்கம் கோபமும் அதிகார வெறியும். உள்ளே இருக்கும் ஒளிக்கு (ஒவ்வொருவர் உள்ளத்திலும் கடவுளின் ஒளி உண்டு என்பது குவேக்கர் நம்பிக்கை) பணிந்து தன்னிச்சையை விட்டால் ஓநாய் ஆட்டுக்குட்டியாகும், சிறுத்தை வெள்ளாட்டுக்குட்டியாகும், கரடி பசுவாகும், சிங்கம் எருதாகும். மிருகங்கள் ஒன்றோடொன்று சமாதானமாவதாக நாம் பார்க்கிறோம். ஒரே ஆளுக்குள் நடக்கும் போராட்டமாக அவர் பார்த்தார்.

இந்தப் பொருளில் இன்று 60-க்கும் மேற்பட்ட படங்கள் தெரியவந்திருக்கின்றன. தொடக்கம் 1820 வாக்கில். மூலம் ரிச்சர்ட் வெஸ்டால் என்ற ஆங்கில ஓவியரின் வேதாகமச் சித்திரம்; அந்தச் செதுக்கச்சுப் படத்தைப் பார்த்துத் தொடங்கினார். பின்னணியில் பென்சில்வேனியாவை நிறுவிய குவேக்கர் வில்லியம் பென் செவ்விந்தியரோடு செய்த உடன்படிக்கை பெஞ்சமின் வெஸ்டின் ஓவியத்திலிருந்து, அதுவும் 1775-இன் அச்சுப்பிரதி வழியாக. நயாகராவை நேரில் போய்ப் பார்த்து வந்தவர், 1825-இல் அதை வரைந்தபோதும் ஒரு வரைபடத்தின் மூலையில் அச்சாகியிருந்த சிறு சித்திரத்தையே எடுத்துக்கொண்டார். பெயர்ப்பலகைக்காரர்களின் வழக்கம் அது: வாடிக்கையாளர் கேட்பதற்கு ஏற்ற அச்சுப்படத்தைத் தேடியெடுத்துப் பெரிதாக்குவது. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு, எங்களுக்கு அதில் உடன்பாடில்லை.

காலம் கண்டுபிடிக்க ஒரு வழி. நான்கு ஓரத்திலும் பெரிய எழுத்தில் செய்யுள் ஓடினால் பெரும்பாலும் 1820-கள். பதாகை பிடித்த குவேக்கர் கூட்டம் மலைச்சரிவில் நின்றால் பிளவுக்குப் பிந்தைய சில வருடங்கள். மிருகங்கள் முன்னால் நெருக்கியடித்து, விழித்த கண்ணோடு இருந்தால் 1830-கள். சிங்கம் நரைத்து, களைத்து, மிருகங்கள் ஒன்றுக்கொன்று விலகி நின்றால் 1840-கள்.

அது என்ன பிளவு?
(வாசகர், மதுரை)

1827 ஏப்ரலில் பிலடெல்பியா வருடாந்தரக் கூட்டம், அதாவது அந்த வட்டாரத்துக் குவேக்கர் சபைகளெல்லாம் சேர்ந்த அமைப்பு, இரண்டாக உடைந்தது. ஒரு தரப்புக்கு உள்ளொளியே முதல் வழிகாட்டி. மறுதரப்புக்கு வேதாகமத்தின் அதிகாரமும் கிறிஸ்துவின் பலியும் முதன்மை. நகரத்துச் செல்வந்த மூப்பர்கள் கிராமத்துச் சபைகள்மேல் அதிகாரம் செலுத்துகிறார்கள் என்ற மனத்தாங்கலும் சேர்ந்துகொண்டது. முதல் தரப்பின் பெருங்குரல் லாங் ஐலண்ட் விவசாயி எலியாஸ் ஹிக்ஸ். அவர் எட்வர்டுக்கு உறவினர். எட்வர்ட் அவர் பக்கம் உறுதியாக நின்றார், மறுதரப்பைக் கடுமையாகவே பேசினார். சமாதானத்தை வரைந்தவர் சண்டையில் ஒரு கட்சிக்காரர். அந்த வலி படங்களில் தெரிகிறது: பல படங்களில் முன்னால் ஒரு மரம் பிளந்து நிற்கும்.

படத்துக்கு என்ன விலை வாங்கினார்?
(வாசகர், சேலம்)

1844-இல் அவர் எழுதிய கடிதம் ஒன்றில் படத்துக்கு 20 டாலர், சட்டம் செய்தவருக்குக் கொடுத்த 1.75 டாலர் தனி என்று கணக்கு இருக்கிறது. தாம் செய்தவற்றில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்று அதிலேயே சொல்கிறார். தச்சர் கூலியை ஒளிக்காமல் தனியே காட்டும் பட்டறைக்காரரின் பில் அது.

அசல் படங்களை எங்கே பார்க்கலாம்?
(வாசகி, சென்னை)

வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் 1834 வாக்கில் வரைந்தது இருக்கிறது, சுமார் 75-க்கு 90 செ.மீ. பிலடெல்பியா கலை அருங்காட்சியகம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், வூஸ்டர் அருங்காட்சியகம் ஆகியவற்றிலும் உண்டு. இணையத்தில் பார்ப்பதானால் படத்தைப் பெரிதாக்கி, சிறுத்தையின் புள்ளிகளைப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தொட்டு வைத்தது.

கடைசிக் காலம் எப்படி இருந்தது?
(வாசகர், புதுச்சேரி)

வேலை செய்துகொண்டே இருந்தார். 1840-களின் முடிவில் வரைந்த பண்ணைக் காட்சிகள்தான் எங்களுக்கு அவர் படங்களில் மிகவும் பிடித்தவை. 1848-இல் கார்னெல் பண்ணை: பரிசு வாங்கிய மாடுகள், குதிரைகள், ஆடுகள் முன்வரிசையில் பக்கவாட்டில் நிற்க, பின்னால் உழுத நிலமும் களஞ்சியமும். ஒன்றையொன்று கடிக்காத மிருகங்களைத் தன் ஊர்ப் பண்ணையிலேயே கண்டுபிடித்துவிட்டார் என்று தோன்றும்.

1849 ஆகஸ்ட் 23 அன்று நியூடவுனில் இறந்தார். ஊரும் அக்கம்பக்கமுமாக ஆயிரக்கணக்கானோர் அடக்கத்துக்குத் திரண்டார்கள். மகள் எலிசபெத்துக்காக இன்னொரு 'சமாதான ராஜ்யம்' தீட்டிக்கொண்டிருந்தார். முதல்நாள்வரை அதில் கை வைத்திருந்தார்.